கண்டதை எழுதுங்கள்: விசுவாசத்திலிருந்து எழுத்துக்கு வர ஒரு முழு வழிகாட்டி

என் அம்மாவின் வேதாகமத்தில் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. 91-ஆம் சங்கீதத்துக்குப் பக்கத்தில் "தம்பிக்குக் காய்ச்சல், மூணு நாள்" என்று இருக்கும். யோபு முதல் அதிகாரத்தின் தலைமாட்டில் "அவருக்கு வேலை போச்சு. வெள்ளி." நடுவில் ஒரு பக்கத்தில் காய்ந்துபோன மல்லிகைச் சரம். பூவெல்லாம் உதிர்ந்து நார்தான் மிச்சம், அது கிடந்த இடத்தில் தாளில் பழுப்பாக ஒரு தடம். அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவர். "நீங்க எழுதுவீங்களா" என்று யாராவது கேட்டால் "எனக்கெதுக்குய்யா அதெல்லாம்" என்பார். ஆனால் நாற்பது வருஷமாக அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

மதுரையில் எங்கள் ஆலயத்தின் பின்பக்க அறையில், சனிக்கிழமை சாயங்காலம், எழுத ஆசைப்படுகிற சிலர் கூடுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு நர்ஸ், காளவாசல் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற தம்பி, கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். புதிதாக வருகிற எல்லோரும் முதல் நாள் சொல்வது ஒன்றுதான்: "சொல்ல நிறைய இருக்கு, எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல." அவர்களிடம் வாரவாரம் பேசியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பார்க்க வேண்டாம். ஜெபம் பண்ணத் தெரிந்த யாருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: கேட்கிறவர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்

புதிதாக எழுதுகிறவருக்குப் பெரிய பயம், யார் படிப்பார்கள், என்ன நினைப்பார்கள் என்பது. விசுவாசிக்கு இதில் ஒரு வசதி உண்டு. தினமும் கண்ணை மூடி ஒருவரிடம் பேசிப் பழகியிருக்கிறோம். அவரிடம் அழகாகப் பேச வேண்டியதில்லை, பொய் சொன்னாலும் எடுபடாது. அந்தப் பேச்சை அப்படியே தாளில் இறக்குங்கள். பழைய காலத்து ஆயர் அகுஸ்தீனார் தம் வாழ்க்கையை 13 புத்தகங்களாக எழுதியபோது அத்தனையையும் கடவுளை முன்னிலையில் வைத்து, "நீர்" என்று விளித்தே எழுதினார். சிறுவயதில் பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதைக்கூட விடவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். 80 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். செல்போனில் வேண்டாம், நோட்டிபிகேஷன் வந்துகொண்டே இருக்கும். தினம் அரைப் பக்கம், ஜெபமாக. "ஆண்டவரே, இன்றைக்குப் பஸ்ஸில் ஒருத்தரிடம் கோபமாகப் பேசிவிட்டேன்" என்று தொடங்கி, அவர் யார், என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதிக்கொண்டே போங்கள். முப்பது நாள் யாரிடமும் காட்ட வேண்டாம்.

நேரம் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் மதுரை மிஷனில் ஊழியம் செய்த அருளானந்தர், ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி கொல்லப்படுவதற்கு முந்தின நாள், சிறையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். நமக்குக் காலையில் பால்காரர் வருவதற்கு முன்னால் இருபது நிமிஷம் கிடைக்காமல் போகாது.

இரண்டாம் படி: பிரசங்கம் பண்ணாமல் சாட்சி சொல்வது

இந்த ஒரு படியில் மட்டும் பல மாதம் நின்றாலும் பரவாயில்லை. மற்றதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டு தானாக வரும்.

சாட்சி என்ற சொல்லை நாம் சபையில் வாரவாரம் கேட்கிறோம். கோர்ட்டிலும் அதே சொல்தான். கூண்டில் ஏறியவரிடம் எத்தனை மணி, எந்தப் பக்கம் நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். அவருடைய தீர்ப்பை யாரும் கேட்பதில்லை. யோவான் தம் முதல் நிருபத்தைத் தொடங்குவதும் அப்படித்தான்: "நாங்கள் கேட்டதும், எங்கள் கண்களினாலே கண்டதும், நாங்கள் நோக்கிப்பார்த்ததும், எங்கள் கைகளினாலே தொட்டதுமாயிருக்கிற" என்று காது, கண், கை மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறார். எழுத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

எங்கள் கூட்டத்துக்கு வரும் அக்கா ஒருவர் முதல் வாரம் இப்படி எழுதிக்கொண்டு வந்தார்: "என் மகன் விபத்தில் சிக்கியபோது கர்த்தர் தம்முடைய தூதனை அனுப்பி எங்களைத் தேற்றினார்." வாசித்து முடித்ததும் எல்லோரும் ஆமென் சொன்னோம். அப்புறம் கடைக்காரத் தம்பி மெதுவாகக் கேட்டார், "அக்கா, அந்தத் தூதர் என்ன சட்டை போட்டிருந்தாரு?" அக்கா முதலில் சிரித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் கொண்டுவந்தது இது. அவர் அனுமதியோடு தருகிறேன்:

"ராத்திரி ரெண்டு மணி. பெரியாஸ்பத்திரி வராண்டாவில் ஒரு பெரியவர் செருப்பைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து இடம் விட்டார். சாப்பிட்டியாம்மா என்றார். நான் பதில் சொல்லவில்லை. தூக்குவாளியைத் திறந்து மூடியில் புளிச்சோறு வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார், அவர் வீட்டம்மா உள்ளே இருப்பதாகவும் காலைவரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும்."

இதில் கர்த்தர் என்ற சொல்லும் இல்லை, தூதன் என்ற சொல்லும் இல்லை. அன்றைக்கு ஆமென் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நர்ஸ் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்.

உங்களுக்குப் பயிற்சி: சபையில் நீங்கள் சொல்லிப் பழகிய சாட்சி ஒன்று இருக்குமல்லவா, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் கண்டது எது, பின்னால் யோசித்துப் புரிந்துகொண்டது எது என்று இரண்டாகப் பிரியுங்கள். கண்டதை மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள். நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள், கையில் என்ன இருந்தது. ஞாபகம் இல்லாததை இட்டுக்கட்ட வேண்டாம். நடந்ததைப் பெரிதாக்கிச் சொன்னால் தேவ மகிமைதானே என்று சிலர் நினைக்கிறார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு அப்படி ஒரு விலக்கு இல்லை.

மூன்றாம் படி: சபைத் தமிழும் வீட்டுத் தமிழும்

"இம்மட்டும் காத்து வழிநடத்தின தேவனுக்கு ஸ்தோத்திரம்." இந்த வரியை நான் நேசிக்கிறேன். என் பாட்டி சாகும்போதும் இதைத்தான் சொன்னார். ஆனால் எழுத உட்காரும்போது இந்த மாதிரி வரிகள் நாம் யோசிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. செல்லூரில் உங்கள் பக்கத்து வீட்டு மாரியம்மன் பக்தரோ, காஜிமார் தெரு தையல்காரரோ படித்தால் கிருபை, இரட்சிப்பு, அபிஷேகம் என்பதற்கெல்லாம் என்ன புரியும்? உங்களையே கேளுங்கள்: எதிலிருந்து இரட்சிக்கப்பட்டேன்? கடனிலிருந்தா, குடியிலிருந்தா, அண்ணன்மேல் இருந்த வெறுப்பிலிருந்தா? அந்தப் பதிலை எழுதுங்கள்.

இந்த வேலை நம் ஊரில் நானூறு வருஷத்துக்கு முன்பே தொடங்கியது. இத்தாலியிலிருந்து வந்த இராபர்ட் தெ நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்து சேர்ந்தார். காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அதுவரை இங்கே கிறிஸ்தவர்களிடம் போர்த்துகீசியச் சொற்களே புழங்கின. அவற்றின் இடத்தில் கோவில், அருள், பூசை என்று இந்த மண்ணின் சொற்களை வைத்தார். பெரும்பாலும் எல்லாவற்றையும் செய்யுளிலேயே எழுதிவந்த காலத்தில் உரைநடையில் புத்தகம் புத்தகமாக எழுதினார். அவர் எழுதிய தமிழ் இன்றைக்குக் கடினமாகத்தான் இருக்கும், ஆனால் கேட்கிற ஆளை மனதில் வைத்துச் சொல் தேடினாரே, அதை நாம் கற்றுக்கொள்ளலாம்.

வேதாகமத் தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. 1871-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பின் ஓசை நம் காதில் ஊறியிருக்கிறது. அது உங்கள் சொத்து. மேற்கோளாக வரும்போது அப்படியே வரட்டும், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் படிக்கிறவர்கள் அதையே எடுக்கட்டும். உங்கள் சொந்த வாக்கியத்தில் மட்டும் நீங்கள் வீட்டில் பேசுகிற சொல் இருக்கட்டும். ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் கிருபை, ஆசீர்வாதம், அற்புதம், மகிமை இந்த நாலும் வரக்கூடாது. முதல் தடவை கை கட்டிப்போட்டது போல இருக்கும். மூன்றாவது தடவை பழகிவிடும்.

நான்காம் படி: வாசிப்பு

முதலில் வேதாகமத்தையே எழுத்தாளராக உட்கார்ந்து ஒரு தடவை படியுங்கள். லூக்கா தம் சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களில் தாம் எப்படி வேலை செய்தார் என்று சொல்லிவிடுகிறார். கண்ணாரக் கண்டவர்களிடம் கேட்டார், ஆதிமுதல் விசாரித்தார், ஒழுங்காக எழுதினார். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் "நீ பாவி" என்று தொடங்கவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொன்னார். 119-ஆம் சங்கீதம் எபிரெய எழுத்து 22-க்கும் எட்டெட்டு வசனமாக 176 வசனம் ஓடுகிறது. நம் அந்தாதி மாதிரி, தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டு எழுதிய கவிதை அது.

அடுத்து, தமிழில் நமக்கு முன்னால் எழுதியவர்கள். வீரமாமுனிவரின் தேம்பாவணியில் 3,615 பாடல்கள். அதன் நாயகன் சூசையப்பர், அதாவது இயேசுவை வளர்த்த யோசேப்பு. யோசித்துப் பாருங்கள், நான்கு சுவிசேஷத்திலும் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. வாயே திறக்காத ஒரு தச்சரைத்தான் முனிவர் காப்பிய நாயகன் ஆக்கினார், வளன் என்று தமிழ்ப் பெயரும் கொடுத்து. முதல் படலம் நாட்டுப் படலம்; அதில் யூதேயா நாடு நம் தமிழ்க் காப்பியத்து நாடு போலவே வருகிறது. எழுத விஷயம் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும். உங்கள் குடும்பத்திலும் பேசாத யோசேப்பு ஒருவர் இருப்பார்.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் தோய்ந்தவர். கிறிஸ்தவரான பிறகு அந்தக் கம்பனை விடாமல், அதே நடையில் 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் கொடுத்தார். தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கர்தான். முன்சீப் வேலை பார்த்தவர். அவர் நாவலில் அறிவுரையும் உண்டு; அதோடு சிரிப்பும் குடும்பமும் வழக்குகளும் கிடைக்கும்.

இவர்களோடு நிற்க வேண்டாம். சங்கப் பாட்டு, குறள், இன்றைய சிறுகதை எல்லாம் படியுங்கள். சிம்மக்கல் நூலகம் இருக்கிறது, 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் ரோட்டில் இருக்கிறது. உட்கார்ந்து படிக்கக் காசு வேண்டாம்.

ஐந்தாம் படி: வலியை எழுதும்போது

சபையில் சாட்சி என்றால் முடிவு நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. வியாதி குணமானால் மேடை உண்டு. குணமாகாதவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் எழுதலாம், எழுத வேண்டும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஜெபம் கேட்கப்படாத நாளை எழுதினால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் 88-ஐ எடுத்து வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜெபக் குறிப்பாக உங்களிடம் ஒருவர் சொன்ன குடும்பச் சண்டை உங்கள் கதைக்குச் சரக்கு இல்லை. பெயரை மாற்றினாலும் ஒரே சபையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: முடிவு

கதை முடிந்த இடத்தில் நிறுத்துவது நமக்குக் கஷ்டம். "ஆகவே பிரியமானவர்களே" என்று ஒரு பத்தி சேர்க்கக் கை துடிக்கும். கெட்ட குமாரன் கதையைத் திரும்பப் படியுங்கள். தகப்பன் வெளியே வந்து மூத்தவனைக் கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. யோனா புத்தகம் கடவுள் கேட்கிற ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா பதில் சொன்னதாக இல்லை. உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அது இல்லாமலே நிற்கிறது என்றால் எடுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: திருத்துவது

எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, பாருக்கு என்பவன் ஒரு சுருள் எழுதினான். ராஜா யோயாக்கீம் குளிர்கால வீட்டில் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று நான்கு பத்தி வாசித்ததும் கத்தியால் அறுத்து அறுத்துத் தீயில் போட்டான். அவ்வளவும் எரிந்து சாம்பலானது. பாருக்கு வேறொரு சுருளை எடுத்துத் திரும்பவும் முதலிலிருந்து எழுதினான். இன்னும் அநேக வார்த்தைகள் அதில் சேர்க்கப்பட்டன என்று 36-ஆம் அதிகாரம் முடிகிறது. இரண்டாவது பிரதி முதலாவதைவிடப் பெரியது.

நான் செய்வது: எழுதியதை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, பார்க்காமல் வேறு தாளில் திரும்ப எழுதுவேன். ஞாபகத்தில் நின்றது வரும், நிற்காதது போய்விடும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கடைசியாகச் சத்தமாக வாசிப்பேன். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியம் நீளம்.

எட்டாம் படி: நாலு பேர் கூடுவது, அனுப்புவது

பவுலின் ரோமர் நிருபத்தைத் தாளில் எழுதியவர் தெர்தியு; 16-ஆம் அதிகாரத்தில் தன் பெயரைச் சொல்லி அவரும் வாழ்த்துச் சொல்கிறார். எழுத்துக்குத் துணை வேண்டும். மூன்று பேர் கிடைத்தாலும் கூட்டம்தான். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் முதலில் "எனக்குக் கண்ணில் தெரிந்தது இது" என்று சொல்லட்டும். அப்புறம் கேள்வி. உபதேசம் சரியா தப்பா என்ற விவாதத்தை அன்றைக்குத் தள்ளி வையுங்கள். எழுத்துப்பிழையைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம்.

பிறகு அனுப்புங்கள். சபையின் மாத இதழ் நல்ல தொடக்கம். முந்நூறு நானூறு சொல்லுக்குள், யூனிகோடில் டைப் செய்து, ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு மட்டும். வாட்ஸப்பில் வந்த கதையை உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். ஊழியம் என்ற பெயரில் நடக்கிற திருட்டு அது. உங்கள் கட்டுரையைச் சுருக்குவார்கள், சில சமயம் உங்களிடம் கேட்காமல் கடைசியில் ஒரு வசனம் ஒட்டிவிடுவார்கள். எனக்கு நடந்திருக்கிறது, வருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த தடவை அனுப்பும்போதே "மாற்றினால் தெரிவியுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்குப் பிறகு தெரிவித்தார்கள்.

சொந்தக் காசில் புத்தகம் போட அவசரம் வேண்டாம். பத்துக் கட்டுரை சேர்ந்த உடனே நான் 500 பிரதி அச்சடித்தேன். எல்லாம் பிரசங்கம். கொடுத்தது போக முந்நூற்றுச் சொச்சம் பரணில் வருஷக்கணக்காக இருந்து, ஒரு மழைக்காலத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டது. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது போய்ப் பாருங்கள், பதிப்பகத்தாரோடு பேசுங்கள், எந்த மாதிரிப் புத்தகத்தை ஆட்கள் கையில் எடுத்துப் புரட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். பிரதி தயாரான பிறகு அச்சகம் தேடலாம்.

கடைசியாக ஒன்று. எழுதியதை, அதில் வருகிறவரிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள். அப்பாவுக்கு வேலை போன நாளைப் பற்றி நான் எழுதியதை அம்மாவிடம் வாசித்தேன். அன்று சாயங்காலம் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தது, அம்மா ஒன்றும் கேட்காமல் காபி போட்டது, நாங்கள் மூன்று பேரும் விளக்கைப் போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் வேதாகமத்தைக் கேட்டார். யோபுவைத் திறந்து, தன் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காபி இல்லய்யா, அன்னிக்குப் பால் வாங்கல. வெறும் சுக்குத் தண்ணி" என்றார். பென்சிலை வாங்கி என் தாளில் அவரே திருத்தினார்.